ஏலம் போட்ட கடல்: குரோஷியஸ், தரங்கம்பாடி, நம் மௌனம்

ஹியூகோ குரோஷியஸைச் சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று சட்டக் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். 1609-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த 'சுதந்திரக் கடல்' என்ற அவருடைய சிறுநூலும் கூடவே பாடமாகிறது. கடல் யாருக்கும் சொந்தமில்லை, காற்றைப் போல எல்லோருக்கும் பொது என்று வாதாடும் அந்த நூல் கேட்பதற்கு ரொம்ப நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தனி நூல் அல்ல. ஒரு பெரிய கையெழுத்துப் பிரதியின் பன்னிரண்டாம் அத்தியாயம் அது. அந்தப் பெரிய பிரதியின் தலைப்பைத் தமிழில் 'கொள்ளைப் பொருள் மீதான உரிமை' என்று சொல்லலாம். ஒரு கப்பலில் இருந்து எடுத்த சரக்கை விற்றது சரிதான் என்று நிறுவுவதற்காக எழுதப்பட்டது அது. அத்தியாயம் உலகப் புகழ் பெற்றது, அதைத் தாங்கிய வழக்கு பின்னுக்குப் போய்விட்டது. இந்த வெட்டி எடுப்பைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

வழக்கு இதுதான். 1603 பிப்ரவரி 25 அன்று, சிங்கப்பூரின் கிழக்குக் கரைக்கு அப்பால், மக்காவிலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துகீசியக் கப்பலை யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தளபதி பிடித்தான். ஜோகூர் அரசன் தரப்பு ஒத்தாசை செய்தது. கப்பலில் இருந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் உயிரோடு மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். சீனப் பட்டும் பீங்கானும் கஸ்தூரியும் ஆம்ஸ்டர்டாமுக்குப் போயின. 1604-இல் அவை ஏலத்தில் விற்றன. வந்த தொகை ஏறத்தாழ 34 லட்சம் கில்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தொடங்கியிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொத்த மூலதனமே 64 லட்சம் சொச்சம். ஒரே கப்பல், மூலதனத்தில் பாதிக்கு மேல். 1605-இல் கம்பெனி மசூலிப்பட்டினத்துக்கு வருகிறது, 1610-இல் பழவேற்காட்டுக்கு. நம் கரைத் துணிக்கு முன்பணம் கொடுத்த கையை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1604 செப்டம்பர் 9 அன்று ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றம் இதைச் சட்டப்படியான கைப்பற்றல் என்று தீர்ப்பளித்தது. அப்புறம் எதற்கு ஒரு இளம் வக்கீல் நூற்றுக்கணக்கான பக்கம் லத்தீனில் எழுத வேண்டும்? கம்பெனிக்கு உள்ளேயே கசப்பு இருந்தது. பங்குதாரர்களில் ஆயுதம் எடுப்பதைப் பாவம் என்று கருதிய மென்னோனைட் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு இந்த லாபம் கையைச் சுட்டது. அந்த மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தும் வேலைதான் குரோஷியஸுக்கு வந்தது. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. கணிதம் மாதிரி விதிகளை அடுக்கி, அவற்றிலிருந்து சட்டங்களை வருவித்து, கடைசியில் கப்பலைப் பிடித்தது நியாயமானது, கௌரவமானது, லாபகரமானது என்று மூன்று படியாக ஏறுகிறார். மூன்றாவது படியை மறைக்கவில்லை என்பதை அவருடைய நேர்மைக்கு ஒரு புள்ளியாகப் போடலாம்.

பிரதியின் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். கடலில் நீதிமன்றம் கிடையாது, நீதிபதி இல்லாத இடத்தில் தண்டிக்கும் உரிமை இயற்கையாகவே தனி மனிதனுக்கு உண்டு, ஆகவே ஒரு வியாபாரக் கம்பெனிக்கும் உண்டு என்கிறது ஒரு வாதம். 1601-இல் மக்காவில் 17 டச்சு மாலுமிகளைப் போர்த்துகீசியர் கொன்றது இதற்கு ஆதாரமாகிறது. இரண்டாவது வாதம் இன்னும் சுவாரசியமானது. ஜோகூர் அரசன் இறையாண்மை உள்ளவன், டச்சுக்காரர்கள் அவனுடைய கூட்டாளிகள், எனவே இது அவன் சார்பில் நடந்த பொதுப் போர் என்கிறது அது. கீழைத்தேய அரசனின் இறையாண்மையை ஐரோப்பியச் சட்டப் பிரதி இப்படி மனசார ஒத்துக்கொள்ளும் சந்தர்ப்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒப்புதல் எதற்குப் பயன்படுகிறது? கொள்ளைக்கு ரசீதாக. ஜோகூர் பேச அனுமதிக்கப்படுவது கையெழுத்துப் போடும் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

பட்டு நெய்தவன், பீங்கான் சுட்டவன், மக்காவில் கடன் வாங்கிச் சரக்கு ஏற்றிய சில்லறை வியாபாரி, இவர்கள் எவரும் இந்தப் பிரதிக்குள் இல்லை. இருக்க முடியாது. ஏலத்தின் வேலையே அதுதானே. பிடித்த பொருள் கையில் இருக்கும்வரை அது இன்னாருடையது என்ற முணுமுணுப்பு அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். தீர்ப்புச் சொல்லி, பொதுவில் கூவி, மூன்றாம் ஆளிடம் விற்றுவிட்டால் முணுமுணுப்பு நின்றுவிடும். வாங்கியவன் நாணயமாகக் காசு கொடுத்து வாங்கியவன், அவன்மேல் எவன் வழக்குப் போடுவது? வன்முறை நடந்த இடத்துக்கும் பொருள் புழங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சுத்தமான திரை விழுகிறது. அந்த நீலப் பீங்கானுக்கு ஐரோப்பாவில் 'கிராக்' பீங்கான் என்று பெயர் வந்தது. கராக் என்ற போர்த்துகீசியக் கப்பல் வகையின் பெயர்தான் அது என்கிறார்கள். பிடிபட்ட கப்பலின் பெயர் சாப்பாட்டு மேசையில் ரசனையின் பெயராகிவிட்டது. டச்சு மொழியில் விலை, பரிசு, பிடித்த கப்பல் மூன்றுக்கும் 'பிரைஸ்' என்ற ஒரே சொல் போதும்.

நம் மொழிக்கும் இதில் பங்கு உண்டு. 'ஏலம்' நல்ல தமிழ்ச் சொல் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஏலக்காய்க்குத் தமிழில் ஏற்கனவே இருந்த ஏலம் வேறு. கூவி விற்கிற ஏலம் போர்த்துகீசிய 'லெய்லாவ்' என்ற சொல்லின் திரிபு. ஜன்னலும் சாவியும் அலமாரியும் வந்த அதே கப்பலில் வந்து இறங்கியது. அந்தப் போர்த்துகீசியச் சொல்லும் அரபியிலிருந்து போனது என்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்பது, சரக்கை எடுப்பது, விற்பது என்று பதினாறாம் நூற்றாண்டு முழுக்க இந்தக் கடலில் 'கர்த்தாஸ்' முறையை நடத்தியவர்கள் சொல்லையும் விட்டுவிட்டுப் போனார்கள். இன்று கூட்டுறவு வங்கியில் நகை ஏலம் என்று ஒலிபெருக்கியில் கேட்கும்போது எவருக்கும் கடல் ஞாபகம் வருவதில்லை.

திருக்கோகர்ணத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதை நண்பர்கள் கேலி பண்ணுவார்கள். குடைவரைக் கோயிலும் மியூசியமும் உள்ள ஊர், கடல் கண்ணுக்கெட்டாத தூரம். ஆனால் இதே மாவட்டத்தில் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. நாணயமாகச் செல்லாமல் வெறும் பொன்னாக்குவதற்கான வெட்டு என்று நாணயவியல்காரர்கள் விளக்குகிறார்கள். வெளியூர் அதிகாரம் இங்கே செல்லாது என்று யாரோ ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகக் கீறியிருக்கிறான். அந்த வெட்டு கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமும் சாட்சி சொல்கிறது. ஏலமும் பழைய உடையவனை அழிக்கிற வெட்டுதான், ஆனால் தழும்பு வைக்காத வெட்டு.

ஐரோப்பியன் வருவதற்கு முன்னால் இந்துமாக்கடல் அமைதிப் பூங்காவாக இருந்தது என்றொரு கதை இடதுசாரி மேடைகளில்கூட ஓடுகிறது. அதை நம்ப நான் தயாரில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 1025-ஐ ஒட்டிய கடாரப் படையெடுப்பைச் சொல்லும்போது பிடித்த யானைகளையும் குவித்து வைத்திருந்த செல்வத்தையும் தோரணத்தையும் கதவுகளையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அதில் கூச்சமே இல்லை. எடுத்தது யாரிடமிருந்து என்று சொல்வதில்தான் அந்தப் பிரதியின் பெருமை இருக்கிறது. கடாரத்து அரசனின் பெயரை அழித்துவிட்டால் மெய்க்கீர்த்திக்கு வேலையே இல்லை. ஏலப் பட்டியலுக்கோ பெயர் இருந்தால் தொல்லை. இரண்டும் கொள்ளைதான், எழுத்தில் அவை செயல்படும் விதம்தான் வேறு.

இன்னொரு பக்கம் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு. காகதீய கணபதிதேவன் 1244-45-இல் ஆந்திரக் கரையில் வெட்டி வைத்தது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பலின் பொன், யானை, குதிரை, ரத்தினம் எல்லாவற்றையும் முந்தைய அரசர்கள் வாரிக்கொண்டார்கள், நாம் வழக்கமான சுங்கம் தவிர எதையும் எடுக்கமாட்டோம் என்கிறது. அபய சாசனம் என்று பெயர். இதைப் படித்து நம் மன்னர்களின் கருணை என்று புல்லரித்து எழுதுகிறார்கள். கல்வெட்டை ஒழுங்காக வாசித்தால் அது ஒரு குற்றப்பத்திரிகையும்கூட. உடைந்த கப்பலின் பொருள் கரைக்காரனுக்கு என்பது எவ்வளவு ஊறிப்போன பழக்கமாக இருந்திருந்தால் இப்படிக் கல்லில் வெட்டி உறுதி கொடுக்க வேண்டியிருக்கும்!

உடைந்த கப்பல் பற்றிய இந்த வழக்குதான் தரங்கம்பாடியில் வேறு உருவம் எடுக்கிறது.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. வியாபாரம் உருப்படவில்லை. கப்பல்கள் மூழ்கின, கடன் ஏறியது, நாயக்கருக்கு வருஷக் குத்தகை பாக்கி விழுந்தது. வங்காளக் கரையில் தங்கள் கப்பல்களுக்கும் சரக்குக்கும் நேர்ந்த இழப்புக்கு ஈடு வேண்டும் என்று கேட்டு, கிடைக்காததால் 1642-இல் வங்காளத்தின் மீது போர் அறிவித்தார்கள். அதாவது முகலாயப் பேரரசின் மீது. ஒரு கோட்டையும் ஓட்டைக் கப்பல் சிலதும் வைத்துக்கொண்டு ஷாஜஹானுக்கு எதிரான போர்! படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டப்படி அது சிரிப்பு அல்ல. போர் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் வங்காள விரிகுடாவில் போகிற ஒவ்வொரு வங்காளக் கப்பலும் எதிரிக் கப்பல். பிடித்தால் கொள்ளை இல்லை, கைப்பற்றல். இந்தப் போர் 1698 வரை காகிதத்தில் உயிரோடு இருந்தது.

டென்மார்க்கிலிருந்து 1643-இல் வந்த கப்பலுக்கு அப்புறம் 1669 வரை இன்னொரு கப்பல் வரவில்லை. இருபத்தாறு வருஷம்! 1650-இல் கம்பெனியையே மன்னர் கலைத்துவிட்டார். அப்படியானால் தரங்கம்பாடிக் கோட்டை எதைத் தின்று உயிர் வாழ்ந்தது? வில்லெம் லேயெல் என்ற ஆளுநன் பிடித்த கப்பல்களின் சரக்கை விற்றுச் சம்பளம் கொடுத்தான். 1648-இல் அவனுடைய ஆட்களே அவனைப் பிடித்து அடைத்து ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த பவுல் ஹான்சன் கோர்சோர் அதே தொழிலைத் தொடர்ந்து 1655-இல் செத்தான். மிஞ்சியது எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனிஷ்காரன். படிப்பறிவில்லாத சாமானியன் என்கிறார்கள். போர்த்துகீசிய இந்தியர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, குத்தகை பாக்கிக்காக முற்றுகையிட்ட தஞ்சைப் படையைச் சமாளித்து, விரிகுடாவில் கப்பல் பிடித்துச் சரக்கை விற்று, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டி, நாயக்கரோடு சமரசமும் பேசி முடித்தான். 1669-இல் வந்த கப்பல் அவனை ஆளுநனாக உறுதி செய்யும் உத்தரவைக் கொண்டுவந்தது. பிடித்து விற்றவனுக்கு அரசாங்க முத்திரை பதினாலு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது.

தரங்கம்பாடி என்றால் தமிழ்ப் படிப்பாளிக்கு ஞாபகம் வருவது சீகன்பால்கு. 1706-இல் வந்தார், 1714-15-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். நவீனத் தமிழ் அச்சுப் பண்பாட்டின் தொட்டில் என்று விழா எடுக்கிறோம். விழாவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அச்சு எழுத்துக்கள் வந்து இறங்குவதற்கு ஒரு ஊர் அங்கே இருந்தாக வேண்டும். அந்த ஊர் இருபத்தாறு வருஷம் நிலைத்தது வங்காள வியாபாரிகளின் சரக்கை விற்ற காசில் என்பதை விழா மலரில் எவரும் எழுதுவதில்லை. இன்று அங்கே நிற்கும் நகர நுழைவாயில் 1792-ஐச் சேர்ந்தது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். கடைசியில் 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரே சரக்காகிவிட்டது.

சரி, வாங்கியது யார்? நம் வரலாற்றுக்காரர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது. வில்லியம் கிட் 1698 ஜனவரியில் கொச்சிக் கடலில் 'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தான். பட்டு, மஸ்லின், சர்க்கரை, இரும்பு, வெடியுப்பு என்று நிறைந்த சரக்கு. ஒரு பகுதியைக் காயங்குளம் பக்கத்துக் கரையிலேயே விற்றான். வாங்கியவர்கள் இங்கத்து வியாபாரிகள்தான். சூரத் வியாபாரியின் இழப்பு மலையாளக் கரை வியாபாரியின் மலிவுச் சரக்கு. வெள்ளையன் கொள்ளையடித்தான், நாம் பறிகொடுத்தோம் என்ற இருமைக்குள் இந்த ஆள் அடங்கமாட்டான். கிட்டை 1701-இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். அவனிடம் பறிமுதலான சொத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் பவுன் கிரீனிச் மருத்துவமனைக்குப் போனது. அவனுக்கும் ஹீம்ஸ்கெர்க்குக்கும் செயலில் என்ன வித்தியாசம் என்று தேடினால் தீர்ப்புக்கு முன்னால் விற்றானா, தீர்ப்பு வாங்கிக்கொண்டு விற்றானா என்ற வரிசையில்தான் வந்து முட்டுகிறோம்.

நம் கடல் நாவல்கள் இந்தக் கேள்வியின் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. குமுதத்தில் தொடராக வந்து மூன்று பாகமாக இன்றும் விற்கும் சாண்டில்யனின் 'கடல்புறா'வில் கருணாகரத் தொண்டைமான் கடற்கொள்ளைக்காரன் வேஷம் கட்டுகிறான். தொண்டைமான் என்ற பெயருக்கே தனி மரியாதை உள்ள எங்கள் சமஸ்தானத்து ஊரில் அந்த நாவலை வாடகை நூலகத்தில் கியூ நின்று படித்த தலைமுறை ஒன்று உண்டு. வாசகனுக்கு மிஞ்சுவது கப்பலின் அழகும் போர் வியூகமும் நாயகியரின் வர்ணனையும். பாய்மரம் வருகிறது, சந்தை வருவதில்லை. கொள்ளையை வீரமாக எழுதலாம், விற்பனையை அப்படி எழுத முடியாது. பேரம் என்பது வைசியத் தொழில், நாயகனின் கையில் அது தராசைக் கொடுத்துவிடும். சத்திரிய வீரத்தை மையமாக வைத்த கதையாடல் கணக்குப் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சோழக் கப்பல் பற்றிய நம் பெருமிதப் பேச்சு பூராவும் இந்த வாசல்படியிலேயே நிற்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு அறிவிப்பை ஞாபகப்படுத்துகிறேன். 2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை இலங்கை மீன்வளத் துறை 105 இந்தியப் படகுகளை ஏலம் விட நாள் குறித்தது. காரைநகரில் 65, காங்கேசன்துறையில் 5, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2. எல்லை தாண்டியதாகப் பிடித்து வைத்த படகுகள். 1979-ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டம் 2018-இல் கடுமையாக்கப்பட்டிருந்தது. இங்கே கொந்தளிப்பு, கடிதங்கள், கண்டன அறிக்கைகள். பாக் நீரிணைக்கு விசைப்படகு அனுப்பும் கோட்டைப்பட்டினமும் ஜகதாப்பட்டினமும் எங்கள் மாவட்டத்துக் கரைதான். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகின் நான்கு பேர் பிணமாகத் திரும்பினார்கள், அதில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த ஈழ அகதி.

இந்தக் கோபத்தின் நியாயத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் நம் மேடைகளில் எழுந்த வாதத்தைக் கூர்ந்து கேட்டால் குரோஷியஸின் குரல் கேட்கிறது. கடலுக்கு ஏது எல்லை, மீனுக்கு ஏது பாஸ்போர்ட் என்கிறோம். சுதந்திரக் கடல்! அந்த வாதம் பெரிய கப்பல் வைத்திருந்தவனின் தேவைக்காகப் பிறந்தது, இன்றும் பெரிய படகு வைத்திருப்பவனுக்குத்தான் தோதாக இருக்கிறது. எதிர்க்கரையில் வலை கிழிபடுவது யாருக்கு? முப்பது வருஷப் போரில் கடலையே மறக்க வைக்கப்பட்டு, திரும்பி வந்து கடன் வாங்கி வலை போட்ட யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவனுக்கு. நம் இரட்டைமடி அவனுடைய வலையையும் கடலின் அடித்தரையையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடை செய்தது, இங்கே தொப்புள்கொடி உறவு பேசுகிறவர்கள் அந்தத் தடை பற்றி வாய் திறப்பதில்லை. நார்வேக்காரர்களோடு 1952-இல் கேரளத்தில் தொடங்கிய திட்டத்தின் வழியாக விசைப்படகும் இழுவையும் இந்தக் கரைகளுக்குப் பரவிய கதையைத் தனியாக எழுத வேண்டும்.

அதற்காக ஏலம் சரி என்றாகிவிடாது. கரையில் வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து பிளந்த பலகைகளைக் கூவி விற்பதால் எந்த மன்னார் மீனவனின் வலைக்கும் ஈடு கிடைத்துவிடாது. டேனிஷ்காரர்கள் ஈடு என்ற சொல்லை வைத்துப் போர் தொடங்கினார்கள், ஈடு கேட்டவனுக்கும் பிடிபட்டவனுக்கும் நடுவே அரசு உட்கார்ந்து இரண்டு பேர் நஷ்டத்தையும் தன் வருமானமாக்கிக்கொண்டது. அதேதான் இங்கேயும். படகு பிடிபட்டால் நிவாரணம் படகு உரிமையாளருக்கு என்றே பேசுகிறோம். அதில் பங்குக்கும் கூலிக்கும் போன நாலு பேர், பல சமயம் கடலோரச் சாதிகளைச் சேராத, உள்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், இவர்கள் கணக்கு எந்தத் தரப்புப் பேச்சுவார்த்தை மேசையிலும் ஏறுவதில்லை. சாந்தா கத்தரீனாவைப் பிடித்த மாலுமிகளுக்காவது கொள்ளையில் ஒரு சின்னப் பங்கு எழுதி வைத்திருந்தார்கள்.

குரோஷியஸின் அந்தப் பெரிய கையெழுத்துப் பிரதிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை அது முழுதாக அச்சேறவில்லை. குடும்பக் காகிதங்களோடு கிடந்தது. 1864-இல் ஹேக் நகரில் அந்தக் காகிதங்களை ஏலம் போட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே வெளியே தெரிந்தது. லைடன் பல்கலைக்கழகம் வாங்கியது, 1868-இல் அச்சாயிற்று. லேயெலின் தரங்கம்பாடிக் காகிதங்கள் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சீகன்பால்குக்காக டேனிஷும் ஜெர்மனும் படித்த தமிழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் ஒருவர் அந்தக் கட்டைப் பிரித்து, பிடிபட்ட வங்காளக் கப்பல்களின் சரக்குப் பட்டியலையும், தரங்கம்பாடிக் கடைத்தெருவில் அதை வாங்கியவர்கள் பெயர் இருந்தால் அதையும், கப்பலில் வேலை செய்தவர்களைப் பற்றி ஒரு வரி இருந்தால் அந்த வரியையும் தமிழில் கொடுத்தால், காரைநகர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து இந்தப் பத்திரிகையிலேயே வெளியிடலாம்.